மெட்டில்டா வரைந்த சந்து

மெட்டில்டாவுக்குத் திசை தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. மைசூரிலேயே பிறந்து, மைசூரிலேயே நர்சிங் படித்து, மைசூரிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டவள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் பெரிய சர்ச்சுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டால் கொஞ்சம் நின்று யோசிப்பாள். எந்த நோயாளிக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் வருஷக்கணக்கில் நினைவிருக்கும். தெரு மட்டும் மனதில் நிற்காது.

அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை, ஏசுதாஸ் பக்கத்தில் இருந்தவரை. அவள் கணவர் ஏசுதாஸுக்கு ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை. கிடங்கு மண்டி மொஹல்லா என்ற பேட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வார்டு வேலையை விட்டுவிட்டு, வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சிங் சர்வீஸ் ஒன்றில் மெட்டில்டா சேர்ந்தபோது, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவதும், முடிந்ததும் போன் பண்ணினால் வந்து ஏற்றிக்கொள்வதும் அவர் பொறுப்பாகிவிட்டது. அவளுக்கும் ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். எங்கே ஓட்டுவது என்பதுதான் தெரியாது.

ஒரு நாள் கம்பெனிக்காரர்கள் கிடங்கை நஞ்சன்கூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஏசுதாஸ் காலை ரயிலில் போய் இருட்டுகிற நேரத்தில் திரும்ப ஆரம்பித்தார். ஸ்கூட்டர் சாவி மெட்டில்டாவின் கைக்கு வந்தது.

முதல் சில நாட்கள் போனிலேயே வழி சொன்னார்.

"இரும்புக்கடை தாண்டினதும் ஒரு பேக்கரி இருக்குல்ல மெட்டி, அங்க ஸ்வல்ப லெஃப்ட் எடு."

"எந்த பேக்கரிங்க? இங்க மொபைல் கடைதான் இருக்கு."

"இப்ப மொபைல் கடை ஆயிடுச்சு. ஆனா அதுதான் பேக்கரி."

பின்னாலிருந்து ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மெட்டில்டா போனை அணைத்துவிட்டு மேப்பைத் திறந்தாள்.

மேப்பும் அவளுக்கு உடனே உதவிவிடவில்லை. கிளம்பும்போதே "தென்மேற்கு நோக்கிச் செல்லவும்" என்றது அதிலிருந்த பெண் குரல். நடுரோட்டில் நிற்கிறவளுக்குத் தென்மேற்கு எது என்று யார் சொல்வது? ஏதோ ஒரு பக்கம் வண்டியைக் கிளப்புவாள். இரண்டு கடை தாண்டியதும் திரும்பி வரச் சொல்லும். தேவராஜ மொஹல்லாவில் ஒரு பெரியவருக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போன நாளில், மார்க்கெட்டின் பின்பக்கச் சந்து ஒன்றுக்குள் அவளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டது. எதிரே வாழைத்தார் ஏற்றிய தள்ளுவண்டி, பின்னால் வெங்காய மூட்டை சுமக்கிறவர்கள். திருப்பவும் இடமில்லை, ஒதுங்கவும் இடமில்லை. கூலிக்காரர்கள் ஒன்றும் திட்டவில்லை. இரண்டு பேர் வந்து ஸ்கூட்டரை அப்படியே தூக்கித் திருப்பி வைத்தார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிக அவமானமாக இருந்தது.

அன்று அந்தப் பெரியவர் வீட்டில் மனோஜ்குமாரும் இருந்தான். அதே சர்வீஸில் பிசியோதெரபிஸ்ட். நடந்ததைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை.

"அது சொல்றதை மட்டும் கேக்குறீங்க சிஸ்டர். அதை நீங்க பாக்குறதே இல்ல," என்றான். "போனைக் கொடுங்க."

மேப் அவளைக் கார் ஓட்டுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. இரு சக்கர வாகனம் என்று மாற்றிக் கொடுத்தான். கிளம்பும் முன் முழு வழியையும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட வேண்டும் என்றான். சந்தேகமான இடத்தில் தெருவின் போட்டோவைத் திறந்தால் அங்கே கேட் இருக்கிறதா, படிக்கட்டு இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். விலாசம் எழுதினால் தெருமுனையில் கொண்டு விடும். முதல் தடவை போகும்போது வாசலில் நின்று, திரையில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, ஒரு பெயர் வைத்துக்கொண்டால் அடுத்த தடவை வாசலுக்கே வரும். நஞ்சன்கூடு ரோட்டில் சிக்னல் விட்டுப் போகும் என்பதால் அந்தப் பக்கத்து வரைபடத்தை முன்னாலேயே போனில் இறக்கி வைத்தான்.

இதெல்லாம் மனோஜ்குமார் காட்டியது. ஒன்றை மட்டும் அவளாகவே கண்டுபிடித்தாள். வண்டி திரும்பும்போதெல்லாம் திரையும் கூடவே சுழல்வதால்தான் தன் மனதில் எதுவும் தங்குவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஓர் ஓய்வு நாளில் அமைப்புகளைத் துழாவி, எப்போதும் வடக்கு மேலேயே இருக்கும்படி மாற்றினாள். முதலில் தலை சுற்றியது. தெற்கே போகும்போது அம்பு கீழ்நோக்கிப் போகும். இடது என்றால் திரையில் வலது. பொறுத்துக்கொண்டாள். நாளாக ஆக ஊர் அசையாமல் நிற்கத் தொடங்கியது. முன்னால் இடது கைப்பக்கம் சாமுண்டி மலை தெரிந்தால் தெற்கே போகிறோம். முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் வடக்கே. பிறந்ததிலிருந்து பார்த்த மலை. அது ஒரு திசையில் இருக்கிறது என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏசுதாஸ் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வரும்போது, "இப்படிச் சுத்துறதுக்கு அந்த ஸ்கூல் பக்கமா போனா சீக்கிரம் போயிடலாங்க," என்றாள். ஏசுதாஸ் அந்தப் பக்கம் திருப்பினார். வீடு சீக்கிரம் வந்துவிட்டது. இறங்கியதும் வந்த வழியை அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மண்டி மொஹல்லாவில் மெட்டில்டா பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி வடிவு. கொள்ளேகால் பக்கத்துக்காரி. மகன் கணேஷ்குமாருக்கு அங்கே சைக்கிள் சாமான் கடை. வடிவுக்கு இதயம் பலவீனம். நுரையீரலில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். கால்கள் வீங்கி, நடமாட்டம் குறைந்து, தெருப்பக்கத்துச் சன்னலோரக் கட்டிலோடு ஆகிவிட்டாள்.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. பெரிய ரோட்டிலிருந்து மிளகாய்க் கிடங்கின் சுவரை ஒட்டி உள்ளே போய், வளைந்து, பிறகு ஒடுங்கி, ஒரு சாக்கடைமேல் போட்ட கல்பலகையைத் தாண்டி பின்பக்கத்து ரோட்டில் முடிகிற சந்து. மேப்பில் அது வளைவோடு நின்றுபோனது. அதற்கப்பால் வெறும் சாம்பல் நிறம். வடிவின் வீடு அந்தச் சாம்பலுக்குள் இருந்தது. விலாசத்தை எழுதித் தேடினால் பின்ரோட்டில் ஒரு பெயின்ட் கடையைக் காட்டும். மெட்டில்டா தன் போனில் வாசலைக் குறித்து வைத்திருந்ததால் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை.

சிரமம் வேறு விதத்தில் வந்தது. ஒரு நாள் காலை அவள் போனபோது வடிவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலையணைகளை முட்டுக் கொடுத்து, ஆம்புலன்சுக்கு விலாசம் சொன்னாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது, பெயின்ட் கடைக்கு.

"மேடம், வந்துட்டோம்னுதான் காட்டுது. இங்க யாருக்கும் வடிவுன்னு தெரியலைங்கிறாங்க," என்றார் டிரைவர் போனில்.

மெட்டில்டா நோயாளியின் தோளைத் தாங்கியிருந்தாள். விட்டுவிட்டு ஓட முடியாது. கணேஷ்குமார் செருப்புகூடப் போடாமல் கல்பலகையைத் தாண்டி ஓடினான். ஸ்ட்ரெச்சர் அந்தப் பலகையில் திரும்பவில்லை. கடைசியில் வடிவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மெட்டில்டா ஆக்சிஜன் குழாயைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடந்தாள். வடிவு பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வீணான நிமிஷங்கள் மெட்டில்டாவின் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. பெரிய ரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் ஆம்புலன்ஸ் வளைவு தாண்டி வாசலுக்கே வந்திருக்கும்.

வடிவு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், மெட்டில்டா வேலை முடிந்து அந்தச் சந்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேப்பில் விட்டுப்போன தெருவைச் சேர்க்க ஓர் இடம் இருப்பதை அவள் பார்த்து வைத்திருந்தாள். நடந்த வழியைத் திரையில் விரலால் கோடாக இழுத்தாள். கோடு கிடங்கின் கூரைமேல் ஏறியது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். அனுப்பினாள்.

சில நாள் கழித்து ஒரு நோயாளியின் வீட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது, திருத்தம் ஏற்கப்பட்டது என்று செய்தி வந்தது. திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்துக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு. தெரு தெரியாதவள் போட்ட தெரு. ஏசுதாஸுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். அவர் அதை ரயிலில் கூட வருகிறவர்களிடமெல்லாம் காட்டியதாக அன்று மாலை சொன்னார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

அடுத்த மாதத்தில் சந்து மாற ஆரம்பித்தது. முதலில் ஒரு சாப்பாட்டு டெலிவரி வண்டி. பிறகு ஸ்கூட்டர்கள். பெரிய ரோட்டில் சிக்னலில் நிற்காமல் இந்தச் சந்து வழியே பின்ரோட்டைப் பிடித்துவிடலாம் என்று மேப் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. காலை நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். கல்பலகை ஒவ்வொரு சக்கரத்துக்கும் 'டொக்' என்று ஆடியது.

அந்தப் பலகைக்குப் பக்கத்து வீடு பசவராஜுடையது. மண்டியில் எடைபோடுகிறவர், கன்னடக்காரர். தமிழ்க்காரர்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். ஒரு காலை மெட்டில்டா போனபோது அவர் வாசலில் தண்ணீர் டிரம் கவிழ்ந்து கிடந்தது. சந்து முழுக்க ஈரம். ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தது.

"பாருங்க சிஸ்டர். ரெண்டு நாளைக்கொரு தடவை வர்ற தண்ணி," என்றார் பசவராஜ். "மருமகள் பிடிச்சு வச்சுட்டு அப்பத்தான் உள்ள போனா. கொழந்தை அங்கதான் நின்னுட்டிருந்தான். தேவருதான் காப்பாத்தினார். எங்கிருந்து வர்றாங்கன்னே கொத்தாகலை, தெரியலை. இத்தனை வருஷம் இந்தச் சந்து யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் அடிபடலையே?" என்று மட்டும் கேட்டுவிட்டு மெட்டில்டா வடிவு வீட்டுக்குள் போனாள். வடிவின் ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. முதல் தடவை பார்த்தது மனதில் பதியவில்லை.

வடிவோ நல்ல தெம்பாக இருந்தாள். "சிஸ்டரு, இப்பெல்லாம் பொழுது போறதே தெரியறதில்லீங்க," என்றாள். "முன்னயெல்லாம் இந்தச் சன்னல்ல நாயி, பூனை, அதைவிட்டா பசவராசு. இப்ப எத்தன சனம் போகுது பாருங்க. ஒரு பையன் தெனமும் பாடிக்கிட்டே போறானுங்க. மஞ்ச ஹெல்மெட்டு. நேத்து என்னையப் பாத்துக் கையாட்டுனான்."

ஹாரன் சத்தம் தொந்தரவாக இல்லையா என்று மெட்டில்டா கேட்டாள்.

"செத்த பொறவு சத்தமில்லாமத்தான இருக்கப் போறன்," என்றாள் வடிவு.

அன்று மாலை ஏசுதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ என்ன இல்லாததையா போட்ட? இருக்கிற சந்தைத்தான போட்ட," என்றார் அவர்.

"இருக்குதுங்க. ஆனா அது அவங்களுக்கு இருந்துச்சு."

"ஆம்புலன்ஸ் வரணும்னுதான போட்ட?"

"ஆமா. ஆம்புலன்ஸ் அந்தக் கல்லுமேல வரவே முடியாது. வளைவு தாண்டி வடிவம்மா வாசல் வரைக்கும்தான் வரும். நான் எதுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கோடு இழுத்தேன்?"

அவளுக்கே பதில் தெரிந்திருந்தது. முழுசாகப் போட வேண்டும் என்ற ஆசை. பாதியில் நிற்கிற கோட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் வழி கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு வழியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே போட்டுக் காட்டுவதில் ஒரு ருசி இருந்தது. அந்தச் சந்தில் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டி, போடலாமா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் வடிவு வீட்டுக்குப் போகும் முன் பசவராஜ் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் கொப்பளித்துவிட்டு வரும்வரை நின்றாள்.

"அண்ணா, இந்தச் சந்தை மேப்ல போட்டது நான்தான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "போட்டதுன்னா? கார்ப்பரேஷன்லயா?"

போனை எடுத்துக் காட்டினாள். கோடு, அதன்மேல் தன் விரல் போன வழி, எல்லாவற்றையும். அவர் கண்ணைச் சுருக்கித் தன் வீடு எது என்று தேடினார்.

"நீங்க வீட்டுல உக்காந்து கோடு போட்டா, ஊரெல்லாம் என் வாசல்ல வருமா?" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. பிறகு கோபமும் வந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்வா, இல்லையா சிஸ்டர்? இந்தக் கல்லே நாங்க நாலு வீடு சேந்து போட்டது. நடக்கறதுக்கு."

"கேட்டிருக்கணும்ணா. தப்புதான். இப்ப கேக்குறேன். எதுவரைக்கும் இருக்கட்டும், எதுக்கு மேல வேண்டாம், நீங்களே சொல்லுங்க."

அவர் மருமகளைக் கூப்பிட்டார், எதிர் வீட்டம்மாவைக் கூப்பிட்டார். வாசலிலேயே ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது. மேப்பிலிருந்து அந்தச் சந்தையே அழித்துவிடுங்கள் என்றார்கள் சிலர். எதிர் வீட்டம்மா மறுத்தாள். தன் மருமகளுக்கு மாதம் நெருங்குகிறது, அன்றைக்கு வடிவைத் தூக்கிக்கொண்டு போனது மாதிரி ஆகக்கூடாது என்றாள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய ரோட்டிலிருந்து வளைவு தாண்டி வடிவு வீட்டு வாசல்வரை வண்டி வரலாம். அதற்கப்புறம் பலகை தாண்டி நடக்கிறவர்கள் மட்டும்.

மெட்டில்டா அன்றே திருத்தி அனுப்பினாள். ஏற்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. மறுபடி அனுப்பினாள், இந்தத் தடவை கல்பலகையின் போட்டோவோடு, அதன் அகலம் தெரிகிற மாதிரி பசவராஜைப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தது. 'இது வீட்டுக்காரர்கள் போட்ட நடைபாதை, வாகனத்துக்கு உரியதல்ல' என்று எழுதினாள். வடிவின் வாசலையும் தனியாகக் குறித்து, பெயின்ட் கடையில் நிற்கும் விலாசத்தை அங்கே நகர்த்தச் சொன்னாள். அதற்குள் பசவராஜ் பொறுக்காமல் பலகையின் இரு பக்கமும் கருங்கல் நட்டுவிட்டார். மேப்பை நம்பி வந்தவர்கள் கல்லைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். இரண்டாவது திருத்தம் ஏற்கப்பட்டபோது, வருகிறவர்கள் ஏற்கெனவே குறைந்திருந்தார்கள். பிறகு வண்டிகள் வருவது அறவே நின்றது. எதிர் வீட்டு மருமகளுக்கு வலி எடுத்த அன்று ஆம்புலன்ஸ் நேராக வளைவு தாண்டி வந்து நின்றதாகக் கணேஷ்குமார் சொன்னான்.

வடிவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அடச்சுப் போட்டீங்களாமா," என்றாள், மெட்டில்டா அடுத்த தடவை போனபோது.

"அடைக்கலைம்மா. நடக்கறவங்க போகலாம்."

"நடக்கறவன் எவனுங்க இருக்கான் இந்தக் காலத்துல."

மெட்டில்டா அவள் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி சீக்கிரம் மேலே வந்தது, முன்னைவிடத் தேவலை. தான் செய்தது சரிதான் என்று இவளிடம் விளக்கலாம். தண்ணீர் டிரம், பசவராஜின் பேரன், எல்லாவற்றையும் சொல்லலாம். சொல்லவில்லை. இந்தக் கட்டிலில் இருந்து பார்த்தால் போனது போனதுதான். முதலில் போட்டபோது பசவராஜுக்கு ஒன்று போனது, மாற்றியபோது வடிவுக்கு ஒன்று போனது. யாருக்கும் எதுவும் போகாத ஒரு கோடு இருக்குமா என்று யோசித்துப் பார்த்தாள்.

"பாடிக்கிட்டே போன அந்தப் பையன் எந்தக் கம்பெனி சட்டை போட்டிருந்தான், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"சட்டைய யாரு பாத்தா. பாட்டைத்தான கேட்டேன்," என்றாள் வடிவு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

மழைக்காலம் தொடங்கியதும் சர்வீஸில் மெட்டில்டாவுக்கு நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் ஒரு புது நோயாளியைக் கொடுத்தார்கள். கெம்பம்மா என்ற வயதான அம்மாள். வீடு ஒரு புது லேஅவுட்டில். மேப்பில் அங்கே வயல்தான் இருந்தது. வீட்டைக் கண்டுபிடிக்கவே நாலு பேரைக் கேட்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்ததும் கெம்பம்மாவின் மகள் நிர்மலா, தனக்குத் தமிழ் வரும் என்று காட்டிக்கொள்ளும் சந்தோஷத்தில், வாசல்வரை வந்தாள்.

"சிஸ்டர், உங்களுக்கு மேப்ல ரோடு போடத் தெரியுமாமே? ஆபீஸ்ல சொன்னாங்க. எங்க ரோட்டையும் போட்டுக் கொடுங்க. பார்சல் ஒண்ணுகூட வர மாட்டேங்குது."

மெட்டில்டா தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். ஒரு முனையில் ரோடு. மறுமுனையில் கம்பி வேலி, அதற்கப்பால் யாரோ ஒருவரின் கரும்புத் தோட்டம், வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. தோட்டத்துக்கு நடுவே மண்பாதை ஒன்று அடுத்த ஊர்வரை போயிற்று.

"அந்தத் தோட்டம் யாருதுங்க?" என்று கேட்டாள்.

"அது எங்களுக்குத் தெரியாதே. ஏன்?"

"சும்மாதான். பக்கத்து வீட்டுல யாராவது இருக்காங்களா இப்ப?"

இருக்கிறார்கள் என்றாள் நிர்மலா. மெட்டில்டா ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கேட்டை நோக்கி நடந்தாள்.